பையில் நிற்காத மை

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபம் பிடித்தாகிவிட்டது, சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது, உறவுக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகையும் போய்விட்டது. எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். மஸ்ஜித் இந்தியாவுக்குப் போய் அப்பாவுக்குச் சரிகைக் கரை வேட்டியும் அங்கவஸ்திரமும் வாங்கி வர வேண்டும்.

வழக்கமாகப் போகும் கடைதான். வேட்டியைக் கவரிலிருந்து எடுத்து உதறி, கரையைப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியாகி, அப்படியே மடித்துக் கொடுத்தேன். கல்லாவில் நின்ற தங்கச்சி கடையின் பெயர் பெரிதாக அச்சடித்த புத்தம் புதிய பிளாஸ்டிக் பையை எடுத்தார். பையின் வாய் திறக்கவே இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தேய்த்தார், ஊதினார், "இந்தப் பை எல்லாமே இப்படித்தாண்ணே, திறக்கிறதுக்குள்ள உயிர் போவுது" என்று சிரித்தபடி ஒருவழியாகத் திறந்து, ஒரு பையில் வேட்டியையும் இன்னொரு பையில் அங்கவஸ்திரத்தையும் போட்டுக் கொடுத்தார். இந்த ஒட்டிக்கொண்ட வாயை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ். மாலைக்குச் சொல்லி, வாழையிலைக்குச் சொல்லி, ஒரு தே தாரிக் குடித்து முடிக்க மூன்று மணி நேரம். கார் வெட்டவெளியில் வெயிலில் நின்றது. வீட்டுக்கு வந்து பார்த்தால், அங்கவஸ்திரம் இருந்த பை வேட்டியின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அந்தப் பையின் சிவப்பு எழுத்து, வேட்டியின் வெள்ளையில் தலைகீழாகப் பதிந்திருந்தது. கடையின் பெயரில் முதல் மூன்று எழுத்து தெளிவாகவே தெரிந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள்.

அம்மா எலுமிச்சை தேய்த்தார். அக்கா நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தேய்த்தார். கறை இன்னும் பெரிதாகி ரோஜா நிறமானது. மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். கடைக்காரர் என் கையில் இருந்த வேட்டியைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"நீங்க மூணாவது ஆளு தம்பி."

ஒரு வார்த்தை மறுப்பு இல்லை. வேறு வேட்டி எடுத்துக் கொடுத்தார், பழுப்புக் காகிதத்தில் சுற்றி. அதன் பிறகு அவருடைய கதையைச் சொன்னார். பெருநாள் வியாபாரத்துக்கென்று ஐயாயிரம் பைகள் அடித்திருக்கிறார். அச்சடித்துக் கொடுத்தவரைக் கேட்டால், "மை நல்ல மைதான், நீங்கள் வெயிலில் வைத்திருப்பீர்கள்" என்கிறாராம். "பையைத் தூக்கிப் போட்டா பணம் போச்சு. வெச்சுக்கிட்டா வாடிக்கை போச்சு. நான் என்ன தம்பி செய்யிறது?"

எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் யாருக்குத் தெரியும் என்று தெரியும். இரண்டு காலிப் பைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மாமாவின் பேனா

என் தாய்மாமா கிள்ளானில் இருக்கிறார். முப்பது வருடம் பிளாஸ்டிக் ஃபிலிம் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர். இப்போது அவருடைய மகனும் அதே தொழிலில் இருக்கிறான். பையை வாங்கி, விரலால் ஒரு தட்டு தட்டி, ஒளிநாடாவைக் கிழித்து எழுத்தின் மேல் அழுத்தி ஒட்டி, சட்டென்று உரித்தார். எழுத்து மொத்தமாக நாடாவோடு வந்துவிட்டது. பை மொட்டையானது.

"மை மேல தப்பில்லடா மருமகனே. மை பிடிக்கிறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

பிறகு மகனிடமிருந்து மார்க்கர் பேனா மாதிரி ஒன்றை வாங்கினார். அதன் மேல் 38 என்று எழுதியிருந்தது. பையின் வெளிப்பக்கத்தில், அச்சில்லாத இடத்தில் ஒரு கோடு இழுத்தார். இரண்டு விநாடிக்குள் கோடு உடைந்து மணிமணியாக உருண்டு நின்றது. தாமரை இலைத் தண்ணீர் என்பார்களே, அதேதான். பையைக் கத்தரித்து உள்பக்கத்தைத் திருப்பி அங்கேயும் ஒரு கோடு. அது கோடாகவே, ஆடாமல் அசையாமல் நின்றது.

மாமா சிரித்தார். "திருப்பிப் போட்டு அடிச்சிட்டானுங்க. கரண்டு கொடுத்த பக்கம் உள்ள போயிடுச்சு. கொடுக்காத பக்கத்துல அச்சு. வாய் ஒட்டிக்கிச்சுன்னு சொன்னியே, அதுவும் இதனாலதான்."

பிளாஸ்டிக்குக்குக் கரண்டு கொடுப்பதா? இந்த வாரப் பத்தி முழுக்க அந்தக் கேள்விக்குத்தான்.

ஒட்டாத பிறவி

நம் பைகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த நீளமான சங்கிலிகள். வேதியியலில் மிகச் சாதுவான பொருள். யாரோடும் ஒட்டாது, யாரையும் இழுக்காது. அதனால்தான் அதில் மீனைச் சுற்றலாம், ஊறுகாயை வைக்கலாம். அதே குணம் அச்சடிப்பவருக்குத் தலைவலி.

ஒரு பரப்பு மற்றொன்றை எவ்வளவு இழுக்கிறது என்பதைத் தொழிற்சாலையில் 'டைன்' என்ற அளவில் சொல்வார்கள். பாலிஎத்திலீன் சுமார் 31. பாலிபுரொப்பிலீன் இன்னும் கொஞ்சம் கீழே, 30 ஒட்டி. துணிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் பயன்படும் பாலியெஸ்டர் 42 அல்லது 43. தண்ணீர் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் விசை 72. ஒரு திரவம் தன்னை இழுப்பதைவிடப் பரப்பு அதை அதிகமாக இழுத்தால்தான் அது பரவும். இல்லாவிட்டால் உருண்டு நிற்கும். மை பரவி, பிடித்து, காய்ந்து நிற்க வேண்டுமானால் பையின் பரப்பு குறைந்தது 38 ஆவது இருக்க வேண்டும் என்பது அச்சுத் தொழிலின் பொதுக் கணக்கு. தண்ணீர் கலந்த மை என்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். மாமாவின் பேனாவில் இருந்த 38 அதுதான். அந்த அளவுக்கென்றே கலக்கப்பட்ட திரவம் அதனுள் இருக்கிறது.

31 ஐ எப்படி 38 ஆக்குவது? பசை தடவலாமா? செலவு. உப்புத்தாள் வைத்துத் தேய்க்கலாமா? முடிக்குப் பாதி தடிமன்கூட இல்லாத ஃபிலிம் கிழிந்து போகும். இங்கேதான் மின்னல் வருகிறது.

அடக்கி வைத்த மின்னல்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மூன்று மணி மின்னலைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றில் மின்னழுத்தம் ஏறும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு ஓடுகின்றன. அப்படி எலக்ட்ரான்களும் மின்னேற்றத் துகள்களும் கலந்து கிடக்கும் வாயுவுக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். திடம், திரவம், வாயு என்று பள்ளியில் படித்தோமே, அதற்கு அடுத்த நான்காவது நிலை. சூரியன் பிளாஸ்மா. மின்னல் பிளாஸ்மா. பழைய குழல் விளக்கின் உள்ளே இருப்பதும் பிளாஸ்மா. இந்தப் பெயரை இந்தப் பொருளில் முதலில் சூட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்முயர், 1928 இல்.

மின்னலின் சூடு ஏறக்குறைய 30,000 டிகிரி செல்சியஸ். அதைப் பையில் பாய்ச்சினால் பை எங்கே இருக்கும்? சாம்பல்கூட மிஞ்சாது. ஆனால் தொழிற்சாலையில் ஃபிலிம் பிளாஸ்மாவுக்குள் புகுந்து வெளியே வரும்போது கையில் பிடிக்கும் சூடுதான் இருக்கும். சூட்சுமம் இரண்டு.

முதலாவது, எலக்ட்ரான் மிக மிக லேசானது. அது வேகமாகப் போய்க் காற்று மூலக்கூறில் மோதினாலும் மூலக்கூறு பெரிதாக அசைவதில்லை. லாரி டயரில் கோலிக்குண்டை எறிவதுபோல. எலக்ட்ரான்கள் கொதித்துக்கொண்டிருக்கும், காற்று குளிர்ந்தே கிடக்கும். இந்த நிலை நீடிக்க விட்டால்தான் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சூடாகி உண்மையான மின்னலாகிவிடும்.

அதைத் தடுப்பதுதான் இரண்டாவது சூட்சுமம். இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் செராமிக் அல்லது சிலிக்கோன் போன்ற மின்சாரம் கடத்தாத ஒரு தடுப்பை வைத்துவிடுகிறார்கள். பொறி கிளம்பி தடுப்பை எட்டியதும் மின்னேற்றம் அங்கேயே தேங்கி, தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பொறியின் ஆயுளும் ஒரு விநாடியைக் கோடிக்கணக்கில் பிரித்தால் வரும் சில துண்டுகள்தான். சூடாக நேரமே கிடையாது. மின்சாரத்தின் திசை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை மாறுவதால் மறுபடி மறுபடி பொறி கிளம்பும், அணையும். கண்ணுக்கு அது ஊதா நிறப் படலமாகத் தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாய்ந்துகொண்டிருக்க, அதன் நடுவே ஃபிலிம் நிமிடத்துக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கணத்தில் பரப்பில் என்ன நடக்கிறது? எலக்ட்ரான்கள் பாலிஎத்திலீன் சங்கிலியின் ஓரங்களை உடைக்கின்றன. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அந்த உடைந்த இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வழவழப்பான சுவரில் ஆணி அடித்து வைத்த மாதிரி. மை வந்து மாட்டிக்கொள்ள இடம் கிடைத்துவிட்டது. இந்த மாற்றம் எவ்வளவு ஆழம்? சில நானோமீட்டர். சாதாரணப் பை 40 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால், அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. பையின் பலம், நிறம், எடை எதுவும் மாறாது. மேல்தோல் மட்டும் குணம் மாறுகிறது.

இது புதுமையே அல்ல. மின்கடத்தாத் தடுப்பு வைத்த இந்தக் கருவியின் மூதாதையை 1857 இல் ஜெர்மனியின் வெர்னர் ஃபொன் சீமன்ஸ் ஓசோன் தயாரிக்கச் செய்தார். 1951 இல் டென்மார்க்கின் வெர்னர் ஐஸ்பி பிளாஸ்டிக்கில் மை நிற்காத சிக்கலுக்கு இதைக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் இதற்குக் 'கொரோனா' என்று பெயர். நோய் வந்து அந்தப் பெயரைக் கெடுப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே. இன்று மளிகைக் கடையில் நாம் எடுக்கும் ரொட்டிக் கவர், பிஸ்கட் உறை போன்ற அச்சடித்த பிளாஸ்டிக் உறைகளில் பெரும்பாலானவை இந்த ஊதா வெளிச்சத்தைத் தாண்டி வந்தவைதான்.

காற்றில் இப்படிச் செய்யும்போது பொறிகள் இழை இழையாகத்தான் விழும். பரப்பு முழுக்கச் சீராக விழாது. 1988 இல் தோக்கியோவின் சோஃபியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஹீலியம் போன்ற வாயுவைச் செலுத்தினால் சாதாரணக் காற்றழுத்தத்திலேயே சீரான ஒளிர்வை நிறுத்தலாம் என்று காட்டியது. அதுவரை சீரான பிளாஸ்மா வேண்டுமென்றால் பொருளைப் பெட்டிக்குள் அடைத்துக் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு சுருள் துணியை உள்ளே வைத்து, மூடி, உறிஞ்சி, திறந்து, எடுத்து... ஆயிரம் மீட்டர் ஓட வேண்டிய ஆலையில் இது நடக்குமா? பெட்டி தேவையில்லை என்றானதும்தான் துணிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

குல்லுவின் முயல்

துணி விஷயத்தில் எனக்குப் பிடித்த கதை இந்தியாவில் நடந்தது. இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு பகுதியில் அங்கோரா முயல் வளர்ப்பார்கள். அதன் ரோமம் அவ்வளவு மெல்லியது, அவ்வளவு கதகதப்பு. ஒரே குறை, அது மிகவும் வழவழப்பு. நூற்கும்போது இழைகள் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவிவிடும். தனியாக நூற்க முடியாமல் செம்மறி ஆட்டு ரோமத்தைக் கலந்துதான் நூற்பார்கள். நெய்த சால்வையிலிருந்தும் ரோமம் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

குஜராத்தின் காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அணுக்கரு இணைவு ஆய்வுக்குப் பேர் போன இடம். அங்கே 1997 இல் தொழிலுக்கான பிளாஸ்மாவுக்கென்றே தனி மையம் தொடங்கினார்கள். அதன் பின்னணியில் இருந்தவர் பேராசிரியர் பி.ஐ. ஜான். 2010 இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்த மையமும் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் சேர்ந்து, சாதாரணக் காற்றழுத்தத்தில் ஓடும் ஒரு பிளாஸ்மா கருவியை அங்கோரா ரோமத்துக்கென்று உருவாக்கின. ரோமம் அந்த வெளிச்சத்தின் ஊடே போய் வந்ததும் மேல்பரப்பில் மிக நுண்ணிய சொரசொரப்பு உண்டாகிறது. இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. கலப்பில்லாமல் நூற்க முடிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரோ ரசாயனமோ செலவில்லை. கருவி குல்லுவுக்கே போனது.

விண்மீன்களில் நடப்பதை ஆராயும் ஆட்கள், முயல் ரோமம் நழுவுகிறதே என்று கவலைப்படும் மலைக்கிராமத்துக் குடும்பத்துக்கு உதவினார்கள் என்பதை நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

நம் ஊரிலும் இந்தத் துறைக்கு வேர் உண்டு. 1985 இன் இறுதியில் மலாயாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் லீ சிங் தலைமையில், ஆசிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த இயற்பியலாளர்களுக்குப் பிளாஸ்மா பயிற்சி முகாம் நடந்தது. குறைந்த செலவில் கட்டக்கூடிய ஒரு சிறிய பிளாஸ்மா கருவியை அவர்களே கட்டப் பழகி, தத்தம் நாட்டில் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட விதை அது. இயற்பியல் படித்தால் வாத்தியார் வேலைதானே என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம். பரப்பு அறிவியல் தெரிந்தவர்களுக்குப் பொட்டலத் தொழில், கார் உதிரிப்பாகம், மருத்துவக் கருவி, மின்னணு ஆலை என்று எல்லா இடத்திலும் வேலை இருக்கிறது.

சட்டையில் ஏன் வேர்வை வழிகிறது?

மஸ்ஜித் இந்தியாவுக்கே திரும்புவோம். அங்கே அடுக்கி வைத்திருக்கும் துணியில் பாலியெஸ்டருக்குத்தான் பெரிய இடம். பளபளக்கும் சேலை, சுருக்கம் விழாத துடோங், பாஜு குரோங் துணி. 1941 இல் இங்கிலாந்தின் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த இழை இது. மலிவு, உறுதி, சாயம் போகாது. ஆனால் நம் ஊர் புழுக்கத்தில் போட்டால் முதுகில் ஆறு ஓடும். காரணம், 100 கிராம் உலர்ந்த பருத்தி காற்றிலிருந்து ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட வாங்காது.

பாலியெஸ்டர் துணிக்குப் பிளாஸ்மா கொடுத்தால் அதன் மேல்பரப்பு தண்ணீரை விரும்பத் தொடங்கும். வேர்வைத் துளி உருண்டு நிற்காமல் நூல் வழியே பரவி, சீக்கிரம் உலரும். சாயமும் அச்சும் கூர்மையாக விழும். மழைச் சட்டைக்கு மேல் பூசும் பூச்சு உரியாமல் பிடிக்கும். இழையின் உள்ளே ஈரம் போகாது, அது பருத்தியாக மாறிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பருத்திக்கும் இதில் பங்கு உண்டு. தறியில் நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போடுகிறார்கள். சாயம் போடும் முன் அதைக் கழுவி எடுக்க ஏகப்பட்ட தண்ணீர். ஆட்டு ரோமம் சுருங்காமல் இருக்க அதன் செதில்களைக் குளோரினில் கரைக்கிறார்கள். அந்தக் கழிவு தண்ணீரில்தான் போகும். இந்த இரண்டு வேலைகளிலும் பிளாஸ்மா பாதிச் சுமையையாவது குறைக்கும் என்பதுதான் ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

இது வெறும் ஆய்வுக்கூடக் கவலை இல்லை. மஸ்ஜித் இந்தியாவில் விற்கும் பனியனிலும் டி-சட்டையிலும் 'திருப்பூர்' என்று போட்டதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. 700 க்கும் மேற்பட்ட ஆலைகள். ஆற்றையும் காப்பாற்ற வேண்டும், ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் சோற்றையும் காப்பாற்ற வேண்டும் என்ற நெருக்கடி அது. தண்ணீரே இல்லாமல் நடக்கும் ஒரு வேலைமுறைக்கு இவ்வளவு மவுசு ஏன் என்று இப்போது புரியும்.

பிறகு ஏன் எல்லா ஆலையிலும் வரவில்லை? ஃபிலிம் என்பது வழவழப்பான ஒரே தளம். துணி அப்படியில்லை. நூலுக்குள் நூல், இடுக்குக்குள் இடுக்கு. கெட்டியான துணியின் உள்மடிப்பு வரை பொறி எட்டுவதில்லை. ஹீலியம் விலை அதிகம். சாயம் போட எப்படியும் தண்ணீர் வேண்டும், ஆகவே பழைய தொட்டிகளைத் தூக்கிப் போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாஸ்மா கொடுத்த குணம் நிலைத்து நிற்காது. நாளாக ஆக மேல்பரப்பின் மூலக்கூறுகள் புரண்டு படுத்து, ஒட்டும் முனைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃபிலிமில் வழவழப்புக்காகக் கலக்கும் பொருளும் மெல்ல மேலே வந்து மூடிவிடும். அதனால்தான் மாமாவின் ஆலையில் பழைய சுருளை அச்சுக்கு ஏற்றும் முன் மறுபடியும் பேனாவால் கோடு இழுப்பார்கள். சூடு ஆறும் முன் தோசை, சூடு ஆறும் முன் அச்சு என்பது அங்கே விதி.

இன்னொன்றும் உண்டு. இடி இடித்த பிறகு ஒரு காட்டமான வாசனை வருமே, அதே வாசனை இந்த மெஷின் அருகிலும் வரும். அது ஓசோன். வானத்தில் உயரே இருந்தால் காவல், மூக்கருகே வந்தால் நுரையீரலுக்குக் கேடு. பல நாடுகள் வேலையிடத்தில் பத்து லட்சத்தில் 0.1 பங்கு என்று வரம்பு வைத்திருக்கின்றன. உறிஞ்சு குழாய் சரியாக ஓட வேண்டும். "வாசனை வந்தா மெஷினை நிறுத்து, அப்புறம்தான் சூப்பர்வைசர்கிட்ட பேசு" என்று மாமா தன் மகனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இந்தத் தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன்.

வீட்டிலேயே செய்து பார்க்க

அச்சுப் பையா? ஒளிநாடாவை எழுத்தின் மேல் அழுத்தி ஒட்டி வேகமாக உரியுங்கள். எழுத்து கூடவே வந்தால் அந்தப் பையை வெள்ளைத் துணிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்கவே வைக்காதீர்கள். வேட்டியைப் பிரித்துப் பார்த்தால் பழைய கவரிலேயே திரும்பப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

'சீக்கிரம் உலரும்', 'நானோ', 'வேர்வை நிற்காது' என்று அட்டை தொங்கும் துணியா? வாங்கியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எத்தனை விநாடியில் பரவுகிறது என்று எண்ணுங்கள். பத்துத் தடவை துவைத்த பிறகு அதே இடத்தில் மறுபடி ஒரு சொட்டு விடுங்கள். அட்டை சொல்லாததைச் சொட்டு சொல்லும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பை அடிக்கக் கொடுக்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். "ஃபிலிம் எத்தனை டைன்? எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். முதல் பத்துப் பையில் நாடா ஒட்டிப் பார்த்த பிறகுதான் மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள்.

மஸ்ஜித் இந்தியா கடைக்காரருக்கும் இதைத்தான் சொன்னேன். மாமாவின் மகன் கொடுத்த பேனாவோடு அவர் அச்சகத்துக்குப் போனார். வெளிப்பக்கம் ஒரு கோடு, உள்பக்கம் ஒரு கோடு. அச்சகக்காரர் சற்று நேரம் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாராம். பிறகு அவரும் வாய் திறக்காமல், ஃபிலிமுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு மறுபடி அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். சுருளை மெஷினில் ஏற்றிய பையன் வேலைக்குப் புதிதாம். அவனை யாரும் திட்ட வேண்டாம், எந்தப் பக்கம் என்று எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

கல்யாணத்தன்று அப்பா புது வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கறைபட்ட வேட்டியை அம்மா தூக்கிப் போடவில்லை. ரோஜா நிறம் ஏறிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தில் பூஜை அறைக்குத் திரை தைத்துவிட்டார். வெட்டிய துண்டு என் காரில் இருக்கிறது. கண்ணாடி துடைக்கிறேன். நூறு சதவீதம் பருத்தி. தண்ணீரை என்னமாய் இழுக்கிறது!